ஊருக்கு அனுப்பும் பின்னல் பரிசு

ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்துவிட்டால் தலைநகரின் கோலமே மாறிவிடுகிறது. மொட்டை மாடிகளிலும் பூங்காக்களிலும் பெண்கள் முதுகில் வெயில் படும்படி வட்டமாக அமர்கின்றனர். ஒருவர் கீரை ஆய்கிறார். ஒருவர் பட்டாணி உரிக்கிறார். மற்றொருவர் மடியில் நூலுருண்டையை வைத்துக்கொண்டு இரண்டு ஊசிகளை ஓயாமல் ஓட்டுகிறார். தெற்கேயிருந்து வந்து இங்குக் குடியேறிய நம்மவரில் பலர், அக்கம்பக்கத்துப் பஞ்சாபி மாதரிடம்தான் இக்கலையைக் கற்றனர். ‘சீதா’, ‘உல்டா’ என்னும் இரண்டு சொற்களே அவர்களுக்கு முதற் பாடம். ஊசியை முன்புறமாக நுழைத்து எடுத்தால் சீதா. நூலை முன்னே கொணர்ந்து எடுத்தால் உல்டா. உலகத்திலுள்ள பின்னல் வகை யாவும் இவ்விரண்டின் சேர்க்கையே.

ஆயின் இந்தக் காட்சி இப்பொழுது அருகி வருகிறது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் குல்லாவின் விலைக்கு நல்ல கம்பளி நூல்கூட வாங்க முடிவதில்லை. பிறகு ஏன் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னவேண்டும் என்று இளைய தலைமுறையினர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. சிக்கனத்துக்காகப் பின்னிய காலம் போய்விட்டது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். எனினும், பெற்றோரும் உற்றாரும் 2,200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, நாம் மட்டும் இங்கே வாழ்கிறோமே, நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இக்கைவேலை செய்யக்கூடிய ஒரு நன்மை இன்னும் மீதியிருக்கிறது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

குளிர் கற்பித்த கலை

டில்லியில் ஜனவரி மாதத்தின் சராசரிக் குறைந்த வெப்பநிலை 7 அல்லது 8 டிகிரி. சென்னையிலோ அதே மாதத்தில் அச்சராசரி 20 டிகிரிக்கு மேல். 1935 ஜனவரியில் டில்லியின் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே சென்றதுண்டு. அண்மையில், 2019 டிசம்பர் 30 அன்று, பகல் வெப்பமே 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. இத்தகைய ஊரில் கம்பளியாடை அலங்காரப் பொருளன்று. அரிசி பருப்பைப் போல் அத்தியாவசியம்.

இதனால் வட இந்தியாவில் கம்பளித் தொழில் வேரூன்றியது. 1876-இல் தொடங்கிய கான்பூர் ‘லால் இம்லி’ ஆலையும், 1880-இல் தொடங்கிய தாரிவால் ஆலையும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். அவ்வாலைகளின் ஓசை ஓய்ந்துவிட்டது; லூதியானா நகரமே இன்று கம்பளிப் பின்னலாடைக்கு நடுநாயகமாக விளங்குகிறது. 1959-க்குப் பிறகு அகதிகளாக வந்த திபெத்தியர் குளிர்காலந்தோறும் நகரங்களில் கடைவிரித்து விற்கும் ஸ்வெட்டர்களிலும் பெரும்பகுதி லூதியானாச் சரக்கே.

வீட்டுப் பின்னலுக்கு அக்காலத்தில் மற்றொரு சிறப்பும் இருந்தது. கையால் பின்னிய ஆடையைப் பிரித்து மறுபடியும் நூலாக்கலாம். மூத்தவனுக்குச் சிறுத்துப்போன ஸ்வெட்டரைப் பிரித்து, நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, அலசி உலர்த்திச் சுருக்கம் நீக்குவார்கள். பற்றாக்குறைக்கு வேறு நிறத்தில் இரண்டு கோடு சேர்த்தால் இளையவனுக்கு ஒரு புதிய ஸ்வெட்டர் தயார். துணியாகப் பின்னி, வெட்டித் தைத்த இயந்திர ஆடையில் நூல் ஆங்காங்கே அறுபட்டிருப்பதால் இது இயலாது. ஒரே நூல் ஒரு குடும்பத்தில் மூன்று குழந்தைகளின் உடலைக் காத்த வரலாறு அக்காலத்து டில்லியில் சர்வசாதாரணம்.

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படையெடுப்பு தொடங்கியபொழுது, நம் வீரர்கள் போதிய குளிராடையின்றி இமயத்தின் உயரங்களில் நிற்க நேர்ந்தது. நாட்டுப் பெண்கள் தம் நகைகளைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்ததோடு நில்லாமல், ஸ்வெட்டர், காலுறை, குல்லா ஆகியவற்றையும் பின்னி அனுப்பினர். பெயர் தெரியாத, முகம் அறியாத ஒருவனுக்காகப் பின்னிய பரிசுகள் அவை. ஆள் தெரியாததால் அவனுடைய அளவும் தெரியாது. பொதுவான ஓரளவைக் கொண்டே பின்னினர்.

குடும்பத்தாருக்குப் பின்னுவதில் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. உற்றாருக்குப் பின்னுகிறவர் பொது அளவை வைத்துக்கொண்டு திருப்தியடைய முடியாது. உரியவரின் அளவைக் கேட்டறிய வேண்டும். இவ்வொன்றை மனத்திற்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

வெயிலூருக்குக் கம்பளி ஏன்?

மதுரைக்கும் திருச்சிக்கும் ஸ்வெட்டர் அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைவிட வீணான காரியம் என்று சிலர் நகைக்கலாம். முழு ஸ்வெட்டரைப் பொறுத்தவரை அது உண்மையே. நாம் பேசுவது சிறு பொருள்களைப் பற்றி.

மார்கழி விடியலில் தமிழ்நாட்டின் தெருக்களைப் பார்த்தவர் அறிவர். பால் வாங்கச் செல்லும் பெரியவரின் தலையைச் சுற்றி ஒரு மப்ளர் கட்டாயம் இருக்கும். பஜனைக்கும் திருப்பள்ளியெழுச்சிக்கும் செல்லும் முதியோர் காதை மூடாமல் வெளியே வருவதில்லை. டில்லிவாசிக்கு 20 டிகிரி வசந்தமாகத் தோன்றும். எழுபது வயது கடந்தவருக்கு அதுவே நடுக்கம் தரும். வயது ஏற ஏற உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் குறைகிறது என்பது மருத்துவர் கூறும் செய்தி. எனவே தாத்தாவுக்கு மப்ளர், பாட்டிக்குக் கால் விரைக்காமலிருக்கத் தளர்ந்த காலுறை, பிறந்த குழந்தைக்குக் குல்லா ஆகியவை வெயிலூரிலும் பயன்படும். கம்பளியை மடியாகக் கருதும் வீடுகளில், ஜபத்துக்கு உட்காரச் சிறு கம்பளி ஆசனம் ஒன்று பின்னிக் கொடுத்தால் பெரியவர்கள் அதைப் பொன்போல் பாதுகாப்பார்கள்.

இளையவர்களுக்குப் பருத்தி நூலே ஏற்றது. அண்ணிக்குச் சில்லறைப் பை, தங்கைக்குத் தொலைபேசி உறை, அத்தை வீட்டுப் பூஜை அலமாரிக்கு ஒரு விரிப்பு என்று எத்தனையோ செய்யலாம். விரிப்பு வகைகளுக்கு இரண்டு ஊசிப் பின்னலைவிட ஒற்றைக் கொக்கியால் செய்யும் குரோஷா வேலை பொருத்தமானது. அது தெற்கில் நன்கு வேரூன்றிய கலைதான். சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று ஒரு பெண்கள் குழுவினர், பல ஊர்களிலும் நாடுகளிலும் இருந்த பெண்கள் தனித்தனியே பின்னிய சதுரங்களை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்து உலக சாதனை படைத்தனர். கைவேலைக்குக் குளிர்தான் வேண்டும் என்பதில்லை.

பின்னலே தமிழருக்குப் புதிதன்று. ஜடை பின்னாத தமிழ்க் குடும்பம் ஏது? பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னிச் சம்பந்தி வீட்டுக்குச் சீராகக் கொடுத்த கைகள் நம் அன்னையருடையவை. நாம் அன்றாடம் அணியும் பனியனும் திருப்பூர் இயந்திரங்கள் போடும் கண்ணிகளால் ஆனதே. அங்கே ஆயிரக்கணக்கில் ஓடும் ஊசிகளின் வேலையைத்தான் இங்கே இரண்டு ஊசிகள் மெதுவாகச் செய்கின்றன.

கணக்கும் கைத்திறனும்

நம் நாட்டுக் கடைகளில் பின்னல் ஊசிகளுக்குப் பழைய பிரிட்டிஷ் எண் முறையே வழங்குகிறது. இதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8-ஆம் எண் ஊசியின் தடிப்பு 4 மில்லிமீட்டர்; 10-ஆம் எண் 3.25, 12-ஆம் எண் 2.75. நான்கிழை நூலைப் 10-ஆம் எண் ஊசியில், ஒரு வரிசை சீதா, ஒரு வரிசை உல்டா எனப் பின்னினால், 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஏறத்தாழ 28 கண்ணிகளும், 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 36 வரிசைகளும் அமையும். ஆனால் ஒருவர் கை இறுக்கம். மற்றொருவர் கை தளர்ச்சி. ஆதலால் முதலில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சதுரம் ஒன்று மாதிரிக்காகப் பின்னி, நடுவில் அளவுகோலை வைத்துக் கண்ணிகளை எண்ணிக்கொள்வது அவசியம். அரை மணி நேரச் சோம்பலால் இருபது மணி நேர உழைப்பைக் கெடுத்துக்கொள்வானேன்?

இனி ஒரு குல்லாவின் கணக்கைப் பார்ப்போம். பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சுமார் 35 சென்டிமீட்டர். ஆறு மாதத்தில் சுமார் 43. ஓராண்டு நிறைவில் சுமார் 46. ஆவணியில் பிறந்த மருமகனின் புகைப்படத்தைப் பார்த்து ஆசையோடு தொடங்கி, தைக்குள் முடித்து அனுப்பினால், குல்லா அவனுடைய உச்சந்தலையில் தொப்பிபோல் நிற்கும்! குழந்தை இன்றிருக்கும் அளவை விட்டு, பரிசு போய்ச் சேரும் நாளில் இருக்கப்போகும் அளவையே கொள்ளவேண்டும். 43 சென்டிமீட்டர்த் தலைக்கு, இழுபடும் தன்மையைக் கருதி 40 சென்டிமீட்டர் போதும். அப்படியானால் 28-ஐ நான்கால் பெருக்கி 112 கண்ணிகள் போடவேண்டும். விளிம்பில் இரண்டு சீதா, இரண்டு உல்டா எனக் குத்துவரியாகப் பின்னினால் தலையைப் பற்றி நிற்கும். 112 என்பது நான்கால் மீதியின்றி வகுபடுவதால் வரிகளும் பிசகாமல் அமையும்.

உச்சியில் கண்ணிகளைக் குறைத்து முடிப்பதுவரை இதற்கு ஐந்தாறாயிரம் கண்ணிகள் ஆகும். நடுத்தரக் கைப்பழக்கம் உள்ளவர் நிமிடத்துக்கு 20 கண்ணி பின்னுவதாகக் கொண்டால் ஐந்து மணி நேர வேலை. 20 சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள மப்ளருக்கோ 30,000 கண்ணிகளுக்குக் குறையாது. 25 மணி நேரமாவது வேண்டும். 1976-இல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், புது டில்லியிலிருந்து சென்னை சேர ஏறக்குறைய 33 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. உறக்கமும் உணவும் போக மீதி நேரம் முழுவதும் ஜன்னலோரம் அமர்ந்து பின்னினால், குல்லா ஒன்றை முடித்துப் பாதி மப்ளரோடு சென்னையில் இறங்கலாம். முழு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டால் குளிர்காலமே முடிந்துவிடும். பாதியில் நின்ற ஸ்வெட்டர் டிரங்குப் பெட்டியில் அடுத்த ஆண்டுவரை உறங்கும். சிறு பரிசையே சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மப்ளர் பின்னுவோருக்கு ஓர் எச்சரிக்கை: ஒரு வரிசை சீதா, ஒரு வரிசை உல்டா எனப் பின்னினால் ஓரங்கள் சுருண்டு குழாய்போல் ஆகிவிடும். எல்லா வரிசைகளையும் சீதாவாகவே பின்னினால், அல்லது குத்துவரியாகப் பின்னினால், தட்டையாக இருக்கும்.

நூலறிந்து வாங்குதல்

கடையில் ‘கம்பளி’ என்று சொல்லி விற்பதில் பெரும்பங்கு அக்ரிலிக் என்னும் செயற்கை நூலே. ஐயமிருந்தால் ஒரு சாண் நூலைத் தட்டின்மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். உண்மைக் கம்பளி மயிர் கருகும் வாடை வீசும். நெருப்பை நீக்கினால் தானே அணையும். சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரிந்து, கடினமான கரிய மணியாக உறையும். செயற்கை நூல் விலை மலிவு, துவைப்பதும் எளிது. அதை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அடுப்பருகிலும் குத்துவிளக்கருகிலும் புழங்குவோருக்கு அதைப் பின்னித் தராதிருப்பது நல்லது.

கைக்குழந்தைக்குப் பின்னும்போது மேலும் சில கவனங்கள் வேண்டும். கழுத்தருகில் நீண்ட கயிறு, எளிதில் கழலும் பொத்தான், தொங்கும் குஞ்சம் ஆகியவை கூடாது. கையுறை, காலுறைகளின் உட்புறத்தில் நூல் நுனி நீண்டிருந்தால் அது குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும்; எனவே நுனிகளை உள்ளே கோத்து நறுக்கிவிட வேண்டும். வீட்டுக்குள் உறங்கும் குழந்தைக்குக் குல்லா அணிவிக்கலாகாது, சூடு மிகுந்துவிடும். பரிசோடு ஒரு சிறு காகிதத்தில் இவற்றையும், கம்பளியானால் குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி நிழலில் விரித்து உலர்த்தவேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். வெந்நீரில் அடித்துத் துவைத்த கம்பளி சுருங்கிக் கட்டிதட்டிப்போகும்.

அளவு கேட்கும் கடிதம்

நிற்க. முன்னே நிறுத்திய விஷயத்துக்கு இப்போது வருவோம்.

வாரந்தோறும் ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறோம். “அம்மா, சௌக்கியமா?” என்று கேட்டால் “சௌக்கியம்தான், நீங்கள் நலமாக இருந்தால் சரி” என்பதே விடை. நூற்றுக்கு நூறு தாய்மார் இவ்வாறே சொல்வர். தம் உபாதையைச் சொல்லித் தொலைவிலுள்ள மக்களைக் கலங்கச் செய்ய அவர்கள் விரும்புவதில்லை. பணம் அனுப்புகிறோம், மருந்து வாங்கச் சொல்கிறோம், கண்ணால் பார்ப்பதோ ஆண்டுக்கு ஒரு முறை.

அதே தாயிடம், “காலுறை பின்னப்போகிறேன், பாதத்தின் நீளத்தையும், கணுக்காலின் சுற்றையும் நூலால் அளந்து சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டு 22 சென்டிமீட்டர் இருந்த கணுக்கால் இவ்வாண்டு 25 என்று வந்தால், அது வெறும் எண்ணன்று. கால் வீங்கியிருக்கிறது என்று பொருள். மருத்துவரிடம் காட்டவேண்டும் என்று பொருள். மணிக்கட்டின் சுற்று குறைந்திருந்தால் உடல் மெலிந்துவிட்டது. “கழுத்தை இறுக்காமல் பின்னு, மூச்சு முட்டுகிறது” என்று தந்தை சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் அவர் இதுவரை மறைத்த செய்தி வெளிப்பட்டுவிடுகிறது. “சௌக்கியம்” என்ற சொல் மறைப்பதை அளவுநாடா மறைப்பதில்லை.

கடையில் வாங்கும் பரிசுக்கு இந்த விசாரணை தேவைப்படுவதில்லை. சிறிது, நடுத்தரம், பெரிது என்னும் மூன்று எழுத்துக்களுக்குள் உலகத்து மக்கள் அனைவரும் அடங்கிவிடுகின்றனர். கையால் பின்னுகிறவரோ உரியவரின் உடலை நினைத்தே ஒவ்வொரு வரிசையையும் எண்ணவேண்டியிருக்கிறது. ஐந்து மணியோ இருபத்தைந்து மணியோ, அவ்வளவு நேரம் ஒருவரை மனத்தில் வைத்திருக்கும் வாய்ப்பு நம் அவசர வாழ்வில் வேறு எதனால் கிடைக்கிறது? விலைக்கணக்கில் தோற்றுவிட்ட பின்னல், பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இன்றும் தரக்கூடிய நன்மை இதுவே.

இரண்டு சொற்கள்

முதலாவது, இவ்வேலை பெண்களுக்கே உரியதென்று எண்ணவேண்டாம். இடைக்கால ஐரோப்பாவில் பின்னற்காரர் சங்கங்கள் ஆண்களுடையவை. பல்லாண்டு பயிற்சிக்குப் பின்னரே அவர்கள் ஆசான் என்ற நிலையை எய்தினர். இமாசலத்து ஆட்டிடையரில் ஆண்கள் நடந்துகொண்டே தக்ளியில் கம்பளி நூற்பதை அங்குச் சென்றோர் காணலாம். ரயிலிலும் மெட்ரோவிலும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் செலவிடும் ஆடவர் ஒரு மப்ளரைக் கையிலெடுத்தால் மீசை உதிர்ந்துவிடாது. தாத்தாவுக்குப் பேரனே பின்னிய மப்ளர் என்றால் அவர் அதைக் கழுத்தில் மட்டுமா சுற்றுவார்? தெருவெங்கும் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

இரண்டாவது, அன்பளிப்பு கட்டளையாகிவிடக்கூடாது. வேலைக்கும் சென்று, சமையலும் செய்து, பிள்ளைகளையும் படிக்கவைக்கும் மருமகளிடம், “உன் கையால் எல்லோருக்கும் ஒன்று பின்னிவிடு” என்று வீட்டார் உத்தரவிடுவது முறையன்று. தம் தாய்தந்தையருக்கு வேண்டியதைத் தாமே பின்னட்டும். அன்றேல் அவர் பின்னும் நேரத்தில் அடுக்களையைத் தாம் பார்த்துக்கொள்ளட்டும். அதுபோலவே, குல்லா அனுப்பிவிட்டோம் என்பதற்காக நேரில் செல்லவேண்டிய பயணத்தைத் தள்ளிப்போடுவதும் தகாது. மப்ளர் கழுத்தைக் காக்கும். மகனுக்கோ மகளுக்கோ அது ஈடாகாது.

ஐப்பசியில் கண்ணி போட்டால் மார்கழி பிறக்குமுன் மப்ளர் ஊர் சேர்ந்துவிடும். கார்த்திகையில் தொடங்கினாலும் பொங்கலுக்குள் குழந்தையின் குல்லா தயாராகிவிடும். வீட்டில் ஊசி இல்லையேல் எதிர்வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார், முதல் இருபது கண்ணிகளையும் அவரே போட்டுத் தருவார். ஆனால் நூல் வாங்குமுன் ஊருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது தொலைபேசியை எடுங்கள். அளவைக் கேளுங்கள். வருகிற விடையைச் சென்ற ஆண்டு எழுதி வைத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டுக் குறிப்பு இல்லையெனில், இவ்வாண்டிலிருந்து எழுதி வையுங்கள்.